ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம்: வீட்டுமனை உரிமையும் எளியோர் வீட்டுவசதியும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும், அங்கிருந்து தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் சாலை வரையுள்ள பகுதியும் சேர்ந்ததே ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம். கார், செல்பேசி, டயர், மோட்டார் சைக்கிள் ஆகியவை இங்கே உற்பத்தியாகின்றன. ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் இடையில் பழைய ஊர்கள் இருக்கின்றன. ஊரை அடுத்து, பெரும்பாலும் ஓர் ஏரிக்கரையோ வயலோ இடையில் இருக்க, ஆதிதிராவிடர் குடியிருப்பு இருக்கிறது. இதை முன்பு சேரி என்றார்கள், இப்போது காலனி என்கிறார்கள்.

எளியவர்களுக்கான வீட்டுவசதித் திட்டங்களும் இந்தப் பழைய குடியிருப்புகளும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டுவசதி என்றதும் செங்கல், சிமெண்ட், மானியத் தொகை ஆகியவையே நினைவுக்கு வரும். ஆனால் இந்த வட்டாரத்தில் 130 ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத கேள்வி, வீட்டின் அடியிலுள்ள மண் யாருடையது என்பதுதான்.

மனை யாருடையது?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை இருந்தது. கிராமத்தின் விளைநிலம் மட்டுமன்றித் தரிசு, மேய்க்கால், குடியிருப்பு நத்தம் ஆகியவற்றின் மீதும் மிராசுதாரர்கள் பரம்பரை உரிமை கோரினர். தரிசு நிலத்தைப் பயிரிட யாராவது அரசிடம் விண்ணப்பித்தால், மிராசுதாரருக்கே முன்னுரிமை கிடைத்தது. பண்ணையாளாக வேலை செய்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிசையின் மனைக்குக்கூட உரிமை கொண்டாட முடியாது.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்பது அதன் பெயர். கூலியும் உணவும் கடனும் எந்த நிலையில் இருந்தன என்பதை விரிவாக எழுதிய அவர், மனைப் பிரச்சினையையும் தனியாகச் சுட்டினார். வேலை செய்ய மறுப்பவரை, வேறு இடத்துக்கு வேலைக்குப் போகிறவரை, தரிசு நிலம் கேட்டு மனு போடுகிறவரை மனையிலிருந்து கிளப்பிவிடுவேன் என்ற ஒரு மிரட்டல் போதும். எல்லாம் அடங்கிவிடும் என்பது அதன் சாரம். நிலமில்லாதவனைக் கட்டிப்போட்ட கயிறு கடன் மட்டுமல்ல, குடிசையும்தான். இதை ஓர் அரசு அதிகாரி அந்தக் காலத்திலேயே பார்த்து எழுதினார் என்பது முக்கியமானது.

அதே மாவட்டத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் இதே கோரிக்கைக்காக அரசுடன் மன்றாடினார். சிங்கப்பெருமாள்கோயில் அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றம் அவருடைய முயற்சியில் உருவானது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் பேருந்தில் போகிற மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது ஐயமே. வெளியாரின் கருணையால் மட்டும் இந்தக் கோரிக்கை எழுந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இதே ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதரும், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அமைப்புகள் கட்டி, மனுக்கள் எழுதி, தம் மக்களின் உரிமைகளை அரசின் முன் வைத்தனர். சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற இதழையே தொடங்கினார்.

பஞ்சமி நிலமும் மனைத் திட்டமும்

ட்ரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு, 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை வந்தது. அதன் வழியாக ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கும் நடைமுறை தொடங்கியது. இவையே பஞ்சமி நிலங்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் 'டி.சி. நிலம்' என்பார்கள். சென்னை மாகாணம் முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பின்னர் இவற்றுக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பயிர் நிலத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. மனைக்கு வழி பிறக்க மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1920ஐ ஒட்டித்தான் தொழிலாளர் ஆணையர் என்ற பதவியின் கீழ் இதற்கென ஒரு துறை வேலை செய்யத் தொடங்கியது. தனியாரிடமிருந்து நிலத்தைக் கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்து ஒதுக்கினார்கள். அதற்கான விலையைக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தவணையாக அந்த ஏழைகளிடமிருந்தே வசூலித்தார்கள். இந்தத் துறைதான் 1949இல் அரிஜன நலத்துறையாகி, பிற்பாடு ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. அத்துறையின் பள்ளிகளை முதியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று குறிப்பிடுவதன் காரணம் இதுவே. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள். தொழிலாளர் பள்ளி என்றால் தொழிற்சாலைப் பள்ளி என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் கைமாறிவிட்டது. கடன், மிரட்டல், ஏமாற்று எனக் காரணங்கள் பல. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த 'யு.டி.ஆர்.' பணியின்போது பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பே பதிவேட்டிலிருந்து விடுபட்டுப்போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். இவ்வட்டாரத்தில் நிலம் என்பது வருவாய்த்துறைக் கோப்பில் அடங்கிவிடும் விஷயம் அல்ல என்பதற்கு அந்த நாள் சாட்சி.

1970களின் சட்டங்கள்

சுதந்திரத்துக்குப் பின் மூன்று நடவடிக்கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம். நிலவுடைமையாளரின் இடத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் அந்த மனையையே சொந்தமாக்கியது இச்சட்டம். ட்ரெமென்ஹீர் சுட்டிக்காட்டிய மிரட்டலுக்குச் சட்டம் பதில் சொல்ல 80 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, இன்று தாட்கோ என்று அழைக்கப்படும் கழகம். 1974இல் அரிஜன வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமாகத் தொடங்கப்பட்ட இதன் முதல் வேலை, தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவது. கீற்றுக் கூரைச் சேரிகள் ஒரு பொறியில் தெருத்தெருவாக எரிந்துபோன காலம் அது. சில வேளைகளில் பொறி தற்செயலாக விழுந்ததும் இல்லை.

மூன்றாவது, 1978ஆம் ஆண்டின் அரிஜன நலத்திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1894ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் நீண்ட நடைமுறைகளைத் தவிர்த்து, மனைக்கான நிலத்தை மாவட்ட ஆட்சியரே விரைவாக எடுக்க இது வழி செய்தது. உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைத் தவணையாகத் தரலாம் என்ற பிரிவை ஏற்காமல், மற்றபடி சட்டம் செல்லும் என்றது.

இந்தச் சட்டத்தின் பிற்கால வரலாறு நம் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2013இல் மத்திய அரசு புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு மூன்று மாநிலச் சட்டங்களைக் காப்பாற்றிக்கொள்ள முயன்றது. ஒன்று, மேலே சொன்ன 1978ஆம் ஆண்டுச் சட்டம். மற்றொன்று, தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாவது, 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டில் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழைக்கு மனை தரும் சட்டமும், தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கும் சட்டமும் ஒரே வழக்கில் கைகோத்து நின்றன. ஆனால் களத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் நடந்ததாகச் சொல்ல முடியாது. தொழிற்பேட்டைகள் எழுந்து நிற்கின்றன. மனைக்கான மனுக்கள் இன்னும் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மனை இருந்தால்தான் வீடு

அரசு வீட்டுத் திட்டங்களின் பட்டியல் நீளமானது. 1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 2011இல் சூரியசக்தி பசுமை வீடுகள், 2016இல் ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று வந்தன. கடைசியாகச் சொன்ன திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. பிரதமர் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான அடிப்படை உதவி 1.20 லட்சம்; அதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு. கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு கூடுதல் தொகை சேர்க்கிறது.

இவற்றில் பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரு பொதுவான முன்நிபந்தனை உண்டு. பயனாளியிடம் சொந்த மனை, அதாவது பட்டா, இருக்க வேண்டும். ஏரிப் புறம்போக்கிலோ, மேய்க்காலிலோ, தகராறில் உள்ள நிலத்திலோ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் வீடு கிடைக்காது. ஆக மிகவும் ஏழையாக இருப்பவரே திட்டத்துக்கு வெளியே நிற்க நேர்கிறது.

பட்டா வாங்கியவர் நிலைமையும் எல்லா இடத்திலும் முடிந்த கதை அல்ல. ஆதிதிராவிடர் நலத்துறை தந்த பட்டா வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஆனால் மனை அளந்து காட்டப்பட்டிருக்காது. அல்லது அளந்து கொடுத்திருப்பார்கள். கிராமக் கணக்கில் பெயர் ஏறியிருக்காது. அல்லது பழைய உரிமையாளர் வழக்குப் போட்டிருப்பார். பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு மனையைத் தேடும் குடும்பங்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், புதிதாக ஆயிரம் வீடு அறிவிப்பதைவிட, கொடுத்த பட்டாக்களை அளந்து கணக்கில் ஏற்றுவது முதல் வேலையாக இருக்க வேண்டும். அதற்குத் திறப்பு விழா கிடையாது என்பதால் அரசியலில் அதற்கு மதிப்புக் குறைவு.

காலனிகளில் பார்க்கும் 'தொகுப்பு வீடு' பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டியது. கான்கிரீட் கூரையில் கம்பி தெரியும். மழைக்காலத்தில் காரை பெயர்ந்து விழும். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய அந்த ஓர் அறையில் இப்போது மகன், மருமகள், பேரன் எனப் பெருகியிருப்பார்கள். 2016ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடிப்படையாக எடுத்ததால், பின்னர் தனிக்குடும்பம் ஆனவர்கள் பட்டியலில் இல்லை. விடுபட்டவர்களுக்காக மறுபடி ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று.

ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதையே மாற்ற முயன்ற ஒரே பெரிய திட்டம் சமத்துவபுரம். 1997இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் ஒரு குடியிருப்புக்கு 100 வீடுகள். அவற்றில் 40 ஆதிதிராவிடருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 மற்றவர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. எண்ணிக்கையில் சிறியதாக இருந்தாலும், மற்ற எல்லாத் திட்டங்களும் காலனியைக் காலனியாகவே விட்டுவிட்டு வீடு கட்டின என்பதை நினைத்தால் இதன் தனித்தன்மை புரியும்.

தொழிற்சாலைகள் வந்த பின்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் டெய்ம்லர் 2012இலும் தொடங்கின. வயலும் ஏரிப்பாசனமுமாக இருந்த ஊர்களில் நிலத்தின் விலை, பயிர் விளைவோடு தொடர்பில்லாத உயரத்துக்குப் போனது. 2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கியபோது ஸ்ரீபெரும்புதூரும் அதற்குள் வந்துவிட்டது.

இந்த மாற்றம் ஒரே தெருவில் இரண்டு விதமாக இறங்கியது. பட்டா உள்ளவர் வங்கிக் கடன் வாங்கி, பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டி, வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட முடிந்தது. தலைக்கு இவ்வளவு என்று வாடகை கணக்கிடும் வழக்கம் பரவியது. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கதவு திறக்காது. தகரக் கூரைக்கு மேல் கட்டத் துணிவும் வராது. மேலும், அரசு புறம்போக்காகப் பதிவாகியிருக்கும் இடத்துக்கு எந்தத் திட்டம் எப்போது வரும் என்றும் தெரியாது. முன்பு மிராசுதாரர் கிளப்பிவிடுவார் என்ற பயம். இப்போது சாலை விரிவாக்கமோ தொழிற்பூங்காவோ கிளப்பிவிடும் என்ற பயம்.

நகருக்குள் அப்படிக் கிளப்பப்பட்டவர்களின் கதை நமக்குத் தெரியும். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டியது. 2000க்குப் பிறகு சென்னையின் ஆற்றோரக் குடியிருப்புகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவுக்கு அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் பின்னால் தங்கிவிட்டன. அந்த வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது.

தொழிலாளர் விடுதிகள்

இவ்வட்டாரத்தில் வேலை செய்வோரில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலான மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். தொழிற்சாலைக்கு நிலமும் மின்சாரமும் சாலையும் திட்டமிட்ட அரசு, அங்கே வேலை செய்பவர் இரவில் எங்கே தூங்குவார் என்பதை நீண்ட காலம் ஒப்பந்ததாரரிடமே விட்டுவிட்டது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் தங்குமிடம் தரும் பொறுப்பை ஒப்பந்ததாரர் மீது வைத்திருந்தாலும், சோதித்துப் பார்க்க ஆள் குறைவாகவே இருந்தது.

2021 டிசம்பரில் இது வெடித்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகிலுள்ள ஒரு விடுதியில் உணவு நஞ்சானதில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உண்மை நிலை சொல்லப்படவில்லை என்று கொதித்த பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதற்குப் பின் எழுந்ததுதான் வல்லம் வடகால் குடியிருப்பு. சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில், 20 ஏக்கரில், பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்களைக் கட்டியது. 18,720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. ஓர் அறைக்கு ஆறு பேர். முன்பிருந்த நெரிசலோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இது படுக்கை, வீடு அல்ல. வேலை போனால் படுக்கையும் போகும். திருமணமானால் இடமில்லை. வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒரே கையில் இருந்தால் தொழிலாளி எதிர்த்துப் பேசத் தயங்குவார் என்பது, ட்ரெமென்ஹீர் எழுதிய குடிசைக் கதையைப் படித்தவர்களுக்குப் புதிதாக இராது.

அமெரிக்காவிலிருந்து ஓர் ஒப்பீடு

இதே கேள்வியை வேறு வடிவில் சந்தித்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. எனினும் மண்ணுரிமையை மறுப்பதன் மூலம் ஒரு சமூகத்தை அடக்கி வைக்கும் முறை ஒன்றுபோலவே இருந்தது. 1930களில் அங்கே வீட்டுக்கடன் தொடர்பான அரசு நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களைச் சிவப்பு நிறத்தில் குறித்தது. சிவப்பு என்றால் கடனுக்கு ஆபத்தான இடம் என்று பொருள். கடன் இல்லாததால் வீடுகள் பழுதாயின. பழுதானதையே காரணம் காட்டி 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் இடித்தார்கள். பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதியில் மட்டும் சுமார் 8,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அந்த இடத்தில் ஒரு விளையாட்டரங்கம் வந்தது. வீடு வாங்குவதில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது.

இதற்கு அந்த மக்கள் கண்டுபிடித்த மாற்று, சமூக நில அறக்கட்டளை. 1969இல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற முதல் அறக்கட்டளையை அமைத்தனர். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்றுப் பயன்படுத்துவது குடும்பங்களின் உரிமை. கடன் நெருக்கடியில் 1985இல் அந்த நிலம் பறிபோனாலும் யோசனை நிலைத்தது. பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில், 1984இல் உருவான டட்லி தெரு அமைப்பு, 1988இல் காலிமனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றது. அங்கே வீடு குடும்பத்துக்குச் சொந்தம். நிலம் 99 ஆண்டுக் குத்தகை. மறுவிற்பனை விலைக்கு வரம்பு உண்டு. சுற்றிலும் விலை ஏறினாலும் பழைய குடிகள் வெளியேற வேண்டியதில்லை.

நம் பஞ்சமி நில நிபந்தனைகளும் ஏறத்தாழ இதே நோக்கம் கொண்டவைதான். நிலம் அந்தச் சமூகத்தை விட்டுப் போகக் கூடாது என்பது. டட்லி தெருவில் அந்த நிபந்தனையைக் காக்க அங்கேயே வாழ்பவர்களின் அமைப்பு இருந்தது. இங்கே அது பதிவேட்டில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. வரி அழிந்ததும் நிலமும் போனது.

ஆவணங்களைப் பார்ப்பது எப்படி?

பத்திரம் வேறு, பட்டா வேறு என்பதை மாணவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டும். பத்திரம் பதிவுத்துறையில் விற்பனையைப் பதிவு செய்வது. பட்டா வருவாய்த்துறை தருவது. பட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றின் விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிராம நத்தத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பஞ்சமி நிலமா என்பதை அறிய இன்றைய பதிவேடு மட்டும் போதாது, யு.டி.ஆருக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

ஊரக வீட்டுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டியது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் தம் ஆட்சேபணையை அங்கேயே சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யலாம்.